ஆதரவு யாரும் உண்டா?

நான் ஆதரவற்றவள் என்று அரசாங்கத்திடம் நிரூபிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. எனக்கு ஆதரவு இருக்கிறது என்று நிரூபிக்க ஒருத்தனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

புருஷன் மஞ்சள் காமாலையில் செத்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. மகள் இடுப்புக் குழந்தை. மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கிற வேலை எனக்கு. விதவைகளுக்கு உதவித்தொகை உண்டு, எழுதிப் போடு என்று சொன்னவர் எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர். இறப்புச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல் எல்லாம் எப்படியோ சேர்ந்துவிட்டன. ஆதரவற்ற விதவை என்கிற சான்றுதான் லேசில் கிடைக்கவில்லை. அப்பா இருக்கிறாரா? செத்துவிட்டார். கூடப் பிறந்தவர்கள்? தம்பி ஒருத்தன் புதுச்சேரியில் இருக்கிறான், எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? கடைசியில் அந்தத் தம்பியையே கூட்டிக்கொண்டு போய், 'என் அக்காவை நான் பராமரிக்கவில்லை' என்று எழுதிக் கொடுக்க வைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். திரும்பிப் போக என்னிடமே பஸ் காசு வாங்கிக்கொண்டான்.

மாதம் இருநூறு ரூபாய், மணியார்டரில் வந்தது. பெரிய பணமா என்றால் இல்லை. ஆனால் அது எதிலிருந்து என்னைக் காப்பாற்றியது என்று உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் பாத்திகள் தண்ணீருக்குள் கிடக்கும். வேலை இல்லை. அந்த மாதங்களில் மேஸ்திரி அட்வான்ஸ் கொடுப்பார். வாங்கினவர்கள் அடுத்த சீசன் முழுக்க அவருடைய பாத்தியில்தான் இறங்க வேண்டும். அவர் சொல்வதுதான் கூலி. காய்ச்சல் என்று ஒருநாள் படுக்க முடியாது. உப்புத் தண்ணீரில் கால் வெடித்து ரத்தம் வந்தாலும் கூடையைத் தூக்க வேண்டும். எனக்கு அந்த இருநூறும் ரேஷன் அரிசியும் இருந்ததால் நானும் மகளும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு மழையைத் தள்ளினோம். மூன்று மழை அப்படிப் போனது. மூன்று மழையிலும் மேஸ்திரியிடம் நான் கை நீட்டவில்லை. தை பிறந்ததும் எந்த அளத்தில் கூலி கூட வருகிறதோ அங்கே போவேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இருநூறு ரூபாய்த் திமிர்.

கடல் உள்ளே ஏறி வந்த அந்த மார்கழிக்குப் பிறகு, 2005 தொடக்கத்தில், அளமெல்லாம் சேறாகிக் கிடந்தது. வரப்பு கட்ட வெளியூர் ஆட்கள் வந்தார்கள். இரும்பை என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவன் அவன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். கல்யாணம் ஆகாதவன். விவசாயக் குடும்பம், கொஞ்சம் நிலம் உண்டு, ஆனால் இரண்டு வருஷமாகக் கிணறு வற்றிவிட்டது என்றான். உப்பு வாரும் பலகையை அவன் பிடித்து இழுக்கிற விதத்தைப் பார்த்தாலே ஏர் பிடித்த கை என்று தெரியும். அளத்துக் கொட்டகையில் தங்கியிருந்தான். முதலில் என் அடுப்பில் காசு கொடுத்துச் சாப்பிட்டான். பிறகு ஒழுகின கூரையைச் சரிபண்ணிக் கொடுத்தான். சித்திரையில் ஒரு தகரப் பெட்டியும் சைக்கிளுமாக வந்துவிட்டான்.

ஆசை இல்லாமலா? இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கும் இருந்தது. இரண்டு கூலி, ஒரே அடுப்பு. வாசலில் ஒரு ஆண்பிள்ளைச் செருப்பு கிடந்தால் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுகிறவர்கள் தட்ட மாட்டார்கள். இதையெல்லாம் நான் நினைத்துப் பார்த்துத்தான் பெட்டியை உள்ளே வாங்கி வைத்தேன்.

தாலி கட்டுகிறேன் என்றான். நான்தான் வேண்டாம் என்றேன்.

"தாலி ஏறுனா மணியார்டர் நிக்கும்யா."

"கவர்மென்டுக்குப் பயந்து தாலி வேணான்ற பொம்பள நீ ஒருத்திதான்" என்று சிரித்தான்.

எங்கள் தெரு இதற்கு வைத்த பெயர் 'சேர்ந்துட்டாங்க'. கல்யாணம் என்றும் சொல்ல மாட்டார்கள், கள்ளத்தனம் என்றும் சொல்ல மாட்டார்கள். சேர்ந்துட்டாங்க, அவ்வளவுதான். தபால்காரரும் தெரிந்தும் தெரியாதவர் மாதிரி மாதாமாதம் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அளத்தில்தான் முதல் அடி விழுந்தது. அவன் வந்த அடுத்த சனிக்கிழமை கூலி வாங்கப் போனேன். மேஸ்திரி நோட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன்னுதும் சேத்து அவன்கிட்ட குடுத்துட்டேம்மா. ஒரே வூடுதான?"

"வூடு ஒண்ணுதான். கூடை என் தலைல தான இருந்துச்சி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். எங்கள் அளத்தில் புருஷன் பெண்டாட்டி வேலை செய்தால் அதற்கு 'ஜோடி' என்று பெயர். அவன் வாருவான், அவள் சுமப்பாள், நோட்டில் ஒரே வரி, பணம் ஆண் கையில். என் பெயருக்கு இருந்த வரி அன்றைக்கே அடிக்கப்பட்டுவிட்டது. அதுவரை எத்தனையோ ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் சனிக்கிழமை எங்கே நிற்கிறார்கள் என்று ஒருநாளும் கவனித்ததில்லை. புளியமரத்தடியில் நிற்பார்கள். நானும் போய் நின்றேன்.

முதல் மூன்று வாரம் என் கூலியை எண்ணிக் கையில் கொடுத்தான். நாலாவது வாரம், "எங்கிட்டயே இருக்கட்டும், வேணும்போது கேளு" என்றான். கேட்டேன். சோப்புக்குக் கேட்டேன். மகளுக்கு ரிப்பனுக்குக் கேட்டேன். எதற்கு என்று கேட்பான், சொல்லுவேன், கொடுப்பான். கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் அப்போதே சண்டை போட்டிருப்பேன். வேலை செய்தது நான், காரணம் சொல்வதும் நான். அடுப்பு ஒன்றானதில் விறகு மிச்சமாகும் என்று நினைத்தவள், அவனுக்கு மூன்று வேளையும் சோறு, வாரத்தில் நாலு நாள் மீன், பீடி, சனிக்கிழமை குவார்ட்டர் என்று செலவு ஏறும் என்பதை நினைக்கவில்லை. கடைசியில் கேட்காமல் என் கைக்கு வந்தது அந்த இருநூறு ஒன்றுதான்.

ஆவணியில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கு வி.ஏ.ஓ. வர்றாரும்மா. பென்சன் வாங்குறவங்கள எல்லாம் நேர்ல பாத்து எழுதுறாங்க. லுங்கி, செருப்பு எதுவும் கண்ல படாம பாத்துக்கோ."

அன்றைக்கே எல்லாவற்றையும் ஒளித்தேன். கொடியில் கிடந்த லுங்கி, சவரக் கத்தி, பீடிக் கட்டு. தகரப் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். காலையில் அவனிடம், "கூனிமேட்டுப் பக்கம் போய் டீ கீ குடிச்சிட்டு சாயந்தரமா வா" என்று சொல்லி அனுப்பினேன். போனான். அவ்வளவு தூரம் போகாமல் எங்கள் ஊர் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கே எவனோ கேட்டிருக்கிறான்: "இன்னாடா, உன்ன ஒளிச்சி வெச்சிட்டு செத்தவன் பேர்ல பணம் வாங்குறாளாமே?" பிறகுதான் எனக்கு இது தெரியும்.

வி.ஏ.ஓ. தலையாரியோடு வந்தார். நல்ல மனுஷர். நாற்காலி இல்லையா என்று கேட்காமல் நின்றுகொண்டே ஃபாரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஆதரவு யாராவது உண்டாம்மா?"

"யாரும் இல்லீங்க."

அவர் பேனாவைத் திறக்கும்போது அவன் வாசலில் நிற்கிறான். வெள்ளை வேட்டி, சட்டை, படியப் படிய வாரின தலை.

"நான் ஒருத்தன் இருக்கும்போது யாரும் இல்லன்னா எப்படி? நான் இருக்கேன் சார் ஆதரவு."

வி.ஏ.ஓ. அவனை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார். நிஜமாகவே அவர் எங்களுக்கு ஒரு வழி விட்டார்.

"ஏம்பா, யோசிச்சி சொல்லு. நீ யாரு? பக்கத்து வூடா? தூரத்துச் சொந்தமா?"

நான் அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். தலையாரிகூட அவனைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். அவனுக்கு யாரும் கண்ணில் படவில்லை.

"என் பொண்டாட்டி சார்" என்றான். தெருவுக்கே கேட்கிற மாதிரி.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் 'அடேயப்பா' என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செத்த புருஷன்கூட என்னை அப்படி நாலு பேர் முன்னால் சொன்னதில்லை. உடம்பெல்லாம் கூசியது. அதற்குள் வி.ஏ.ஓ. எழுத ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த மாதம் மணியார்டர் வரவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். புரட்டாசி பாதி தாண்டியது. வானம் கறுக்க ஆரம்பித்தது. வி.ஏ.ஓ. வீட்டுக்கே போய் நின்றேன். அவர் திட்டவில்லை.

"அவன் வந்து, எனக்கும் இந்தம்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு எழுதிக் குடுத்தா, நான் மேல அனுப்பிப் பாக்குறேன். வேற வழி இல்ல."

அன்று சோறு போடும்போதே அவனிடம் கேட்டேன். ஒரு கையெழுத்து. வெறும் காகிதம். நமக்குள் எதுவும் மாறப்போவதில்லை.

"ஊர் முன்னாடி பொண்டாட்டின்னு சொன்ன வாயால இல்லன்னு எழுதித் தரச் சொல்றியா? எம் மானம் இன்னா ஆவுறது?"

"மானத்த வெச்சி மழைக்கு இன்னா திங்கறது?"

"நான் இல்ல? நான் பாத்துக்கறேன்."

வெட்கமே இல்லாத என் தம்பியின் கையெழுத்தால் எனக்கு மூன்று மழைக்குச் சோறு கிடைத்தது. மானஸ்தன் ஒருத்தன் கையெழுத்துப் போடாததால் அது போயிற்று.

அவன் எப்படிப் பார்த்துக்கொண்டான் என்று மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐப்பசியில் ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கடைசில நீயும் வந்துட்ட. நாலாயிரம் குடுத்துட்டேன், ரெண்டு பேருக்கும் சேத்து. தை பொறந்ததும் எறங்கிடணும்." என் தலைக்கு இரண்டாயிரம். நான் கேட்காமல், எனக்குத் தெரியாமல், என் உழைப்பை அவன் கை நீட்டி வாங்கிவிட்டான். ஜோடி என்றால் அப்படித்தான். வீட்டுக்கு வந்து கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்.

"எங்க அக்கா பொண்ணுக்கு மார்கழி வர்றதுக்குள்ள சடங்கு வெச்சிருக்காங்க. தாய்மாமன் சீர் இல்லாம நிக்க முடியுமா? நீயும் வா. உன்னயும் கூட்டிம்போய்க் காட்டுறேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் மறுபடியும் ஏமாந்தேன். பணம் போனது போகட்டும், அவன் வீட்டில் ஒரு இடம் கிடைத்தால் அவர்கள் ரேஷன் கார்டில் என் பெயரையும் மகள் பெயரையும் ஏற்றச் சொல்லலாம், நாளைக்கு ஒரு பிடிமானம் என்று கணக்குப் போட்டேன். இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, மகளுக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, பஸ் ஏறிப் போனோம்.

சீர்த்தட்டு வரிசையில் அவன் முன்னால் நடந்தான். தட்டில் பட்டுப்பாவாடை, மோதிரம், பழம், இனிப்பு. என் இரண்டாயிரமும் அதில் நடந்துபோனது. பந்தலில் யாரோ ஒரு அம்மாள் என்னைக் காட்டி அவன் அம்மாவிடம், "இது யாரு?" என்று கேட்டாள்.

"அவங்கூட உப்பளத்துல வேலை செய்யறாங்க. பாவம், புருஷன் இல்ல" என்றாள் அவன் அம்மா.

அவன் மூன்றடி தூரத்தில் நின்றான். அவன் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தான், பிறகு குனிந்து தட்டில் வாழைப்பழத்தைத் திருப்பி வைத்தான். ஒருமுறை திருப்பி வைத்தான், மறுபடியும் திருப்பி வைத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். இரும்பைப் பக்கம் நிலத்துக்கு விலை ஏறுகிறதாம். என் பெயர் கார்டில் ஏறினால் பிற்பாடு பங்கு கேட்பேன் என்று அம்மா பயப்படுகிறாளாம். "கொஞ்ச நாள் போவட்டும்" என்றான். வி.ஏ.ஓ. கையில் என் இருநூறு ரூபாய் இருந்தபோது நான் பெண்டாட்டி. அவன் அம்மா கையில் நிலம் இருக்கும்போது நான் கூட வேலை செய்கிறவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் தகரப் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தேன்.

"யோவ், எழுந்திரு. பொட்டி வெளிய இருக்குது."

"எங்க போவேன்?"

"உங்கம்மா வூட்டுக்குப் போ. கூட வேலை செய்யறவ வூட்ல ஆம்பளைக்கு இன்னா வேலை?"

கெஞ்சினான். பிறகு ஊர் என்ன சொல்லும் என்றான். அவனுக்கு எப்போதும் ஊர்தான். தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். மகள் அவன் மறந்துவிட்ட பீடிக் கட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை.

தை பிறந்ததும் மேஸ்திரி வந்து நின்றார். அவன் எங்கே என்று கேட்கவில்லை. "ஜோடிக்குக் குடுத்தது. ரெண்டுல ஒருத்தர் இருந்தா போதும், கழிஞ்சிடும்" என்றார். 2006 முழுக்க அவருடைய பாத்தியில், பாதிக் கூலிக்கு, நாலாயிரத்தையும் நான்தான் சுமந்து கழித்தேன். வைகாசியில் கால் விரலிடுக்கில் சீழ் பிடித்தது. அப்போதும் ஒருநாள் நிற்க முடியவில்லை.

கழித்து முடிக்கவும் புரட்டாசி வரவும் சரியாக இருந்தது. மறுபடியும் மழை வரும், கையில் ஒன்றும் இல்லை. தபால்காரர்தான் இந்த முறையும் வழி சொன்னார். "விதவைன்னு இனிமே குடுக்க மாட்டாங்கம்மா. புருஷன் கைவிட்டவங்களுக்குன்னு தனியா ஒரு திட்டம் இருக்குது. தாலுகா ஆபீஸ்ல போயி, வுட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லு. அவ்ளோதான். வேற எதுவும் பேசாத." தலையை ஆட்டினேன். பஸ்ஸில் போகும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வுட்டுட்டுப் போயிட்டான். வுட்டுட்டுப் போயிட்டான்.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். நாலைந்து வயது என்னைவிடப் பெரியவர். எரிந்து விழாமல் பேசினார்.

"கல்யாணம் ஆனதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா? பத்திரிகை, போட்டோ?"

"எதுவும் இல்லீங்க. உங்க ஃபைல்லயே இருக்கும் பாருங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். பழைய கட்டைப் பிரித்துத் தேடினார். கிடைத்தது. 'மறுமணம் செய்துகொண்டு கணவர் ஆதரவில் வாழ்கிறார்' என்று வி.ஏ.ஓ. எழுதியிருந்தார். உலகத்தில் என் இரண்டாம் கல்யாணத்துக்கு இருந்த ஒரே காகிதம் அதுதான். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"சரி, இதயே வெச்சிக்கலாம். பணம் உடனே வராதும்மா, விட்டுட்டுப் போயி இத்தன வருஷம் ஆவணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஆனா இன்னிக்கு எழுதினாத்தான் அந்தக் கணக்கே ஆரம்பிக்கும். சொல்லு, உன்ன விட்டுட்டுப் போய் எத்தன மாசம் ஆவுது?"

பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். மகள் முகத்தை நினைத்துக்கொண்டேன். பாத்திச் சேற்றை நினைத்துக்கொண்டேன். மேஸ்திரியின் சிரிப்பை நினைத்துக்கொண்டேன்.

"அவன் வுட்டுட்டுப் போவல மேடம். நான்தான் பொட்டியத் தூக்கி வெளிய வெச்சேன்."

பேனா நின்றது.

"ஏம்மா, நான் என்ன கேக்கறேன்னு உனக்குப் புரியுதா? கொஞ்சம் யோசிச்சி சொல்லு."

"புரியுதுங்க. அவனுக்கு என்ன வுடத் தைரியம் ஏது? நான்தான் தொரத்துனேன்."

அவர் ஃபைலை மூடி நாடாவைக் கட்டி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. நான் மேஸ்திரி வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். ஜோடிக்கா, தனியாளுக்கா என்று கேட்டார். தனியாளுக்கு என்றேன். இரண்டாயிரத்தை எண்ணி என் கையில் கொடுத்தார்.